இரவல் மூக்கு

கல்தொட்டியின் வெண்மையில் அவர் துப்பிய சிவப்பு ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு நூலாய் இறங்கித் துளையை நோக்கி ஓடுகிறது, வாய்க்குள் இரும்பு, நங்கூரத்தை நக்கினாற்போல் ஓர் இரும்பு, நாக்கின் ஓரங்கள் காய்ந்து சுருங்குகின்றன, பூசையில் தண்ணீர் கலந்து உதட்டில் படும் அந்த வெளிறிய ரசம் தவிர வேறெதையும் நாற்பத்தாறு வயதுவரை தொட்டறியாத அருட்தந்தை தொபியாஸ் கொரேரா, பிரான்சின் தெற்கே அவெய்ரோன் மலைகளுக்கு நடுவில் கோம்ப்ரூஜ் என்கிற குக்கிராமத்தில், ஒரு பெண்ணின் நிலவறையில், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர் என்று சுற்றிக்கொண்டு நின்று சிவப்பு ஒயினை வாயில் சுழற்றித் துப்பிக்கொண்டிருக்கிறார், எதிரே ஓதீல், கோடுபோட்ட நோட்டை முழங்காலில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கடித்தபடி, சொல்லுங்க ஃபாதர், என்ன வாசம் வருது என்கிறாள், இரும்பு என்கிறார் இவர், அது நாக்கு சொல்றது, நாக்கு எனக்கும் இருக்கு, நான் கேட்டது மூக்கை, என்கிறாள் அவள், இவர் மறுபடி கண்ணாடிக் கோப்பைக்குள் மூக்கை நுழைக்கிறார், நுழைத்த மாத்திரத்தில் அப்பா வந்து நின்றுவிடுகிறார்.

அப்பா என்றால் சிலுவை கொரேரா, மணப்பாட்டுக் கரையில் வலை வாகு தெரிந்த ஆள் என்று பேரெடுத்தவர், கடலுக்குப் போகாத நாளில் சாராயக் கடையிலும், போய்வந்த நாளில் அதைவிட அதிகமாகவும் கிடந்தவர், அவர் வாசலுக்கு வருமுன்னே அந்த நெடி வீட்டுக்குள் வந்துவிடும், அக்கா ரெஜினாள் இவரை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுவாள், தொபியாசுக்குப் பதினோரு வயது நடக்கும்போது அப்பா ரத்தமாய்க் கக்கிச் செத்துப்போனார், குளிப்பாட்டிப் படுக்க வைத்த உடம்பின் நெஞ்சில் இவர் உள்ளங்கையை எடுத்து வைத்து அம்மா சொன்னாள், சொல்லுலே, தொடமாட்டேன்னு சொல்லு, தொடமாட்டேம்மா, இன்னொருக்கச் சொல்லு, தொடமாட்டேன், அந்த நெஞ்சின் குளிர்ச்சி இன்றைக்கும் உள்ளங்கையில் இருக்கிறது, அம்மாவும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, சத்தியம் மட்டும் போகவில்லை.

இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷம், பிரெஞ்சுக்காரர்களுக்குக் குருக்கள் இல்லாமல் போய்விட்டது, ஆயர் அனுப்பிவைத்தார், பதினோரு கோயிலுக்கு ஒரே சாமியார், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு தலை, எல்லாம் நரைத்த தலை, பழைய காரில் மலை ஏறி இறங்கிப் பூசை வைக்கிறார், வந்த புதிதில் ஊரார் ஆளுக்கொரு பாட்டிலோடு வந்தார்கள், எங்கள் மண்ணில் விளைந்தது, மார்சியாக் ஒயின், குடித்துப் பாருங்கள் என்று, இவர் சிரித்து வாங்கி அலமாரியில் வைத்தார், அடுத்த ஞாயிறு எப்படி இருந்தது என்று கேட்டால் பொய் சொல்ல வராது, நான் குடிப்பதில்லை என்றார், அவர்கள் முகம் அப்படியே விழுந்துபோயிற்று, நம் ஊரில் யாராவது வீட்டுக்கு வந்து தண்ணீர்கூட வேண்டாம் என்றால் எப்படி இருக்கும், அப்படி, அலமாரியில் இப்போது நாற்பது பாட்டில்கள் தூசி படிந்து நிற்கின்றன, அவரும் அப்படித்தான் அந்த ஊரில் நின்றார், திறக்கப்படாமல்.

ஓதீல் கோயிலுக்கு வருகிறவள் அல்ல, ஐம்பது வயது, கணவனைப் பிரிந்து தனியாக இருப்பவள், தகப்பன் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவள், தோட்டத்துப் பூட்சோடுதான் எங்கும் போவாள், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரச் சல்லடைக்கு அந்தப்பக்கம் வந்து உட்கார்ந்தாள், மண் வாடை அடித்ததும் இவருக்கு ஆள் தெரிந்துவிட்டது, நான் பாவம் எதுவும் சொல்ல வரலை என்றாள், பிறகு என்ன மகளே என்றார் இவர், இங்க சொன்னா நீங்க வெளிய சொல்ல முடியாது, இல்லையா, முடியாது, போலீஸ் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும், அவள் சல்லடைக்கு அருகே குனிந்தாள், எனக்கு ஜனவரியில ஜுரம் வந்தது, ஜுரம் போயிடுச்சு, போகும்போது வாசனையையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு, ஆறு வாரமாச்சு, காபி மணக்கலை, நாய் மணக்கலை, அடுப்புல பால் கருகி ஓடினாக்கூடத் தெரியலை, மருத்துவர் சொல்றார், வரலாம், வராமலும் போகலாம்னு, நான் ஒயின் செய்யறவ ஃபாதர், மூக்கில்லாம நான் யாரு.

அவள் சொன்ன விவரம் இது, போன செப்டம்பரில் பறித்த திராட்சை மூன்று இடங்களில் தனித்தனியாக ஒயினாகிக் கிடக்கிறது, அடிவாரத் தோட்டத்தினுடையது எஃகுத் தொட்டியில், நடுச்சரிவினுடையது சிமெண்ட்டுத் தொட்டியில், மலைச்சரிவில் படிபடியாய் வெட்டிய தோட்டத்தின் மேல்படிக்கட்டில் அவள் தகப்பன் கையால் நட்ட கிழட்டுக் கொடிகளினுடையது மூன்று மரப்பீப்பாய்களில், இந்த மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் வருஷத்தின் மொத்த வேலைக்கும் முடிவு, அதை மூக்குதான் சொல்லும், சோதனைச்சாலை எண்களைச் சொல்லும், சந்தோஷமா இருக்கா இல்லையான்னு சொல்லாது, வேறொரு ஒயின்காரரைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும், ஓதீலுக்கு மூக்கு போயிடுச்சாம் என்று, பிறகு அவள் பாட்டிலை யார் நம்பித் திறப்பார்கள், உங்களுக்கு மூக்கு இருக்கு ஃபாதர், எங்கப்பா அடக்கப் பூசையில பாதியில நிறுத்தி, கேஸ் கசியுதுன்னு சொன்னீங்க, எங்க யாருக்கும் தெரியலை, ஹீட்டர்க்காரன் வந்து பார்த்துட்டு ஆமான்னான், நான் மறக்கலை.

மறக்கவில்லை, ஆமாம், அந்த மூக்கு ஏலக்கரையில் வளர்ந்த மூக்கு, அம்மாவோடு விடிந்ததும் போய் மீனின் செவுளைத் தூக்கி முகர்ந்து, இது இன்னைக்கி மீன், இது நேத்தையது, இது ஐஸுக்குள்ள கிடந்தது என்று ஆறு வயதில் சொல்லுவார், அம்மா அவர் சொல்லைக் கேட்டுத்தான் ஏலம் கேட்பாள், ஆனால் ஒயின், நான் குடிக்கிறதில்லை, உனக்கே தெரியும் என்றார் ஓதீலிடம், குடிக்க வேண்டாம் என்றாள் அவள், துப்பிடுங்க, நாங்க எல்லாரும் துப்பத்தான் செய்வோம்.

ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போன் போட்டார், யாருக்காக எதற்காக என்று சொல்ல முடியாது, தன் சத்தியத்தைப் பற்றி மட்டும் கேட்கலாம், அக்கா, ஒயின வாயில வச்சுத் துப்பிட்டா குத்தமாக்கா என்றார், ரெஜினாள் கருவாட்டுக் கடையில் ஆளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள் போல, என்னத்தலே துப்பணும் என்றாள், ஒயினு, துப்புறதுக்கு எதுக்குலே வாயில வைக்கணும், ஒருத்தருக்கு ஒத்தாசை, ஒத்தாசைன்னா செய்யி, அம்மா தொடாதன்னு சொன்னது நீ கெட்டுப்போயிரக்கூடாதுன்னுதான, ஒத்தாசைக்கா சொன்னா, இரு தம்பி, இந்தாளு சாளைக்கருவாட்ட அள்ளிக்கிட்டுப் போறான், வை போன.

அப்படித்தான் அவர் அந்த நிலவறைக்கு வந்தார், வாரத்தில் மூன்று மத்தியானம், முதல் நாள் முழுக்க அப்பாவைத் தவிர வேறு வாசனை இல்லை, சாராயம் என்று மட்டும் சொன்னார், இரண்டாம் நாள் ஓதீல் கோப்பையைக் கொடுக்காமல் வெளியே கூட்டிப்போனாள், மழை தூறிக்கொண்டிருந்தது, சரிவு முழுக்க மண் சிவப்பு, குருதிச் சிவப்பு, காலணியில் அப்பியது, இதை முதல்ல மோந்து பாருங்க என்று ஒரு கட்டியை உடைத்து நீட்டினாள், இவர் முகர்ந்தார், ஐயோ, தேரி, மணப்பாட்டுக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணலாய்க் கிடக்கும் தேரிக்காடு, முதல் மழை விழுந்த தேரிக்காடு, இதே இரும்புதான் அதிலும், எங்க ஊர்லயும் இந்த மண் இருக்கு என்றார், அப்ப நீங்க பாதி தூரம் வந்துட்டீங்க என்றாள் ஓதீல், கோங்க் மடத்துத் துறவிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இந்தக் கொடியைக் கொண்டுவந்து இந்தச் சிவப்புல நட்டாங்கன்னு சொல்லுவாங்க, மான்சுவான்னு பேர், கொடித்தண்டு இரும்புக்கம்பி மாதிரி இருக்கும், வெட்டுறவன் கை கொப்புளிச்சுப் போகும், மண்ணு கொடிக்குள்ள ஏறுது, கொடி பழத்துக்குள்ள, பழம் கோப்பைக்குள்ள, நீங்க அங்க சாராயத்தைத் தேடாதீங்க, மண்ணைத் தேடுங்க.

மண்ணைத் தேடினார், அப்பா ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார், பிறகு ஒவ்வொன்றாய் வந்தன, அடிவாரத்துத் தொட்டியில் முதலில் நாவல்பழம், நாவல்னா என்ன என்று கேட்டாள் ஓதீல், கறுப்பா இருக்கும், தின்னா நாக்கு ஊதா நிறமாகும், தொண்டை இழுத்துப் பிடிக்கும், எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசல்ல விக்கும், நாங்க காசீஸ்னு ஒரு பழம் சொல்லுவோம், அதுவா இருக்கும் என்றாள், என்றாலும் நோட்டில் நாவல் என்றே பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டாள், நடுச்சரிவுத் தொட்டியில் அம்மியில் நசுக்கிய மிளகு, குடைமிளகாய்க் காம்பு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டால் வருகிற ரத்தம், இவர் பிரெஞ்சில் சொல் கிடைக்காமல் திணறினால், தமிழ்ல சொல்லுங்க, அப்புறம் விளக்குங்க என்பாள், அவள் தன் நாக்கால் புளிப்பையும் துவர்ப்பையும் நிறுத்துப் பார்ப்பாள், அவர் மூக்கால் மிச்சத்தைச் சொல்லுவார், இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஓர் ஆள், நோட்டு நிறைந்துகொண்டு வந்தது.

இதை எதோட சாப்பிடுவீங்க என்று ஒரு நாள் இவர் கேட்க, அவள் முகம் மாறிப்போயிற்று, பசிக்கிறவளின் முகம், கயிறு மாதிரிச் சுருட்டி வச்ச பன்றி சாசேஜ் ஃபாதர், விறகு நெருப்புல சுட்டு, பக்கத்துல அலிகோ, உருளைக்கிழங்கை மசிச்சு, பூண்டும் புதுப் பாலாடைக்கட்டியும் போட்டுக் கிண்டிக்கிட்டே இருந்தா கரண்டியோட ஒரு முழம் தூக்கும், அறாது, அந்தக் கொழுப்பு வாய் முழுக்கப் படிஞ்சிருக்கும்போது இதை ஒரு வாய் குடிச்சா, கத்தி வச்சு வழிச்ச மாதிரி எல்லாத்தையும் எடுத்துடும், மறுபடியும் முதல் வாய் மாதிரிச் சாப்பிடலாம், கொஞ்சம் குளிர்ச்சியா குடிக்கணும், இவர் அதைக் கேட்டபடி கிறிஸ்துமஸ் காலைகளில் அம்மா வைத்த பன்றிக்கறியை நினைத்துக்கொள்கிறார், வினிகரும் வற்றலும் அரைத்துப்போட்டது, நெய் மிதக்கும், இதற்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது, தோன்றியதும் திடுக்கிடுகிறார், பொருந்தும் என்று நினைக்கிற ஆளாய் எப்போது ஆனோம்.

மார்ச் கடைசியில் மேல்படிக்கட்டுப் பீப்பாய்களுக்கு வந்தார்கள், ஓதீலின் தகப்பன் நட்ட கொடிகள், வருஷா வருஷம் இதுதான் ஒயினுக்கு உசிர் என்று அவள் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி ஊற்றினாள், முதல் பீப்பாய் நன்றாய் இருந்தது, தேரி மணல், நாவல், பின்னாலே சுட்ட பனம்பழம், நடுப்பீப்பாயில் மூக்கை வைத்ததும் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசை, அதற்கடியில் ஒரு காடிப் புளிப்பு, அதற்கும் அடியில் அப்பா, வாசலில் நிற்கிற அப்பா, எப்படி இருக்கு என்றாள் ஓதீல், இவர் வாயைத் திறந்து, நல்லா இருக்கு, முதல் பீப்பாய் மாதிரிதான் என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார், வீட்டுக்கு வந்து அடுப்பில் கஞ்சி வைத்துவிட்டு அதையேதான் கேட்டுக்கொண்டார், சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நிச்சயமில்லை, அந்த நெடி பீப்பாயில் இருந்ததா தன் மண்டைக்குள் இருந்ததா, முப்பத்தைந்து வருஷமாய்ச் சுமக்கிற ஒரு பகையை ஒரு பெண்ணின் தகப்பன் வைத்த கொடிமேல் இறக்கிவிட்டால், இல்லை, உண்மையாகவே அது கெட்டிருந்து, தான் நல்லா இருக்கு என்று சொன்னதை நம்பி அவள் எல்லாவற்றோடும் கலந்துவிட்டால், மொத்தமும் போச்சே, யாரிடமும் கேட்கவும் வழியில்லை, மூன்று நாள் பூசையில் கைகழுவும்போதெல்லாம் அந்தப் பசை நெடி விரலில் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது, நாலாம் நாள் நிலவறைக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டார், ஓதீல், அன்னைக்கு நான் உண்மையைச் சொல்லலை, நடுப்பீப்பாய் கெட்டிருக்குன்னு நினைக்கிறேன்.

அவள் நோட்டை மூடினாள், மெதுவாக மூடினாள், எங்கப்பா பீப்பாயா, ஆமா, அன்னைக்கு நல்லா இருக்குன்னீங்க, பயந்துட்டேன், எதுக்குப் பயம், எனக்கு எது ஒயின் எது எங்கப்பான்னு சரியாப் பிரியலை, அவர் குடிச்சே செத்தவர், என்றார் இவர், முதல் முறையாக அந்த ஊரில் ஒருவரிடம் அதைச் சொன்னார், ஓதீலின் முகம் இளகவில்லை, அப்ப நீங்க மோந்துக்கிட்டிருந்தது என் ஒயினை இல்லை, உங்க வீட்டுச் சாராயத்தை, சின்ன வயசுலேர்ந்து வெறுக்கிற பொருளைக் கொண்டாந்து உங்க மூக்குல வச்சேன் பாருங்க, என் புத்தி, போங்க ஃபாதர், போய் உங்க ஜெபத்தைப் பாருங்க, என்று கதவைத் திறந்துபிடித்தாள், வெளியே ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது, குடைகூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

இரண்டு வாரம், தெருவில் எதிர்ப்பட்டாலும் அவள் தலையை மட்டும் அசைத்தாள், அவளாகப் பேச்செடுத்தால் ஒழிய அவர் அதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது, பாவசங்கீர்த்தனத்தில் தொடங்கியது, பூட்டு அந்தப்பக்கம் இருக்கிறது, குருத்தோலை ஞாயிறு போயிற்று, பெரிய வியாழன் அன்று பதினோரு கோயில்காரர்களும் ஒன்றுகூடின பூசையில், ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார், பன்னிரண்டாவது ஆள் வராததால் காலியாயிருந்த நாற்காலியில் பூட்சைக் கழற்றிவிட்டு ஓதீல் வந்து உட்கார்ந்திருந்தாள், பாதத்தில் சிவப்பு மண், இவர் குனிந்து தண்ணீர் ஊற்றும்போது யாருக்கும் கேட்காமல் சொன்னாள், பீப்பாய் மூணுலேர்ந்தும் சோதனைச்சாலைக்கு அனுப்பினேன், நடுப்பீப்பாய் காடியாப் போயிட்டிருக்கு, மத்த ரெண்டும் சுத்தம், நீங்க சொன்னதுதான் சரி, இவர் துண்டால் அவள் காலைத் துடைத்தார், துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தார், அப்ப அது எங்கப்பா இல்லையா என்றார், இல்லை ஃபாதர், அது பாக்டீரியா.

கோயிலில் சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வந்தது, பிறகு பூசையை முடித்துத் தனியாக உட்கார்ந்தபோது அழுகை வந்தது, இத்தனை வருஷமும் நெடி ஒன்றையே அப்பா என்று வைத்திருந்தேனே, கெட்டது தனி, கெடாதது தனி என்று மூக்கு சொல்கிறது, அப்படியானால் கெடாத அப்பா ஒருவரும் எங்கேயோ இருந்திருக்க வேண்டும், தேடினார், வந்தது, ஒரு காலை, கட்டுமரத்திலிருந்து இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டவரின் பிடரி, உப்பும் வெயிலும் நனைந்த கயிறும், அவ்வளவுதான், அதில் சாராயம் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆறு வயதில் எந்த மீன் என்றைய மீன் என்று சொன்னவனுக்கு அந்தப் பிடரி எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நடுப்பீப்பாயை வினிகருக்கு ஒதுக்கினார்கள், மற்றதைக் கலந்தார்கள், ஈஸ்டர் கழித்துப் பத்து நாள், பத்துப் பங்குக்கு ஐந்து அடிவாரம், மூன்று சரிவு, இரண்டு மேல்படிக்கட்டு, இவர் முகர்ந்து பார்த்து, மிளகு அதிகம் என்றால் அவள் மாற்றுவாள், இப்ப, இப்ப நாவல்பழம் முன்னால வருது, தேரி பின்னால நிக்குது, ரெண்டும் அடிச்சுக்கலை, என்று அவர் சொன்ன கணத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்தாள், அதுதான், போதும் என்றாள், ஆனால் அவள் கண்ணில் வெளிச்சம் இல்லை, தானே பெற்ற பிள்ளையை அடுத்தவர் வர்ணிக்கக் கேட்பவளைப்போல் இருந்தாள், நூறு நாள் தாண்டிவிட்டது, காலையும் மாலையும் எலுமிச்சையும் கிராம்பும் முகர்ந்து பழகச் சொல்லியிருந்தார்கள், முகர்ந்துகொண்டுதான் இருந்தாள், வெறும் காற்று.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் ரெஜினாளின் பார்சல் வந்தது, துலூசிலுள்ள கன்னியர் மடத்துத் தமிழ்ச் சிஸ்டர் ஒருவர் ஊருக்குப் போய் வரும்போது கொண்டுவந்தது, ஏழு பிளாஸ்டிக் உறைக்குள் சாளைக்கருவாடு, நெத்திலி, ஒரு துண்டு நெய்மீன், தொபியாசுக்குப் பொறுக்கவில்லை, சன்னல்களைச் சாத்திவிட்டு வாணலியை வைத்தார், எண்ணெய் காய்ந்து சாளையைப் போட்டதும் அந்த மணம், சுவரையே தூக்கியது, எதிர்வீட்டில் யாரோ நாயைத் திட்டிக்கொண்டு கதவை அடைத்தார்கள், அந்த நேரம் பார்த்து ஓதீல் பாட்டிலில் அடைத்த முதல் ஒயினைக் காட்டுவதற்காக வந்து, வழக்கம்போல் தட்டாமல் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தவள் முகத்தைச் சுளித்து மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஐயோ கடவுளே, என்ன செத்துப்போச்சு இங்க, என்றாள்.

வாணலி சடசடத்துக்கொண்டிருக்க, இவர் கரண்டியோடு திரும்பி, என்ன சொன்னே என்றார், அவள் கையை மூக்கிலிருந்து மெல்ல எடுத்தாள், எடுத்து, மூச்சை இழுத்தாள், முகம் கோணியது, நாறுது, நாறுது ஃபாதர், என்று கத்தினாள், பாட்டிலை மேசையில் வைக்கத் தெரியாமல் வைத்துவிட்டு ஓடிவந்து அடுப்புக்கு மேல் குனிந்தாள், எண்ணெய் தெறித்தது, விலகு விலகு என்று இவர் பிடித்து இழுக்க, விடுங்க, நாறுது என்று அழுதாள், இவர் காபித்தூள் டப்பாவைத் திறந்து நீட்டினார், ஒன்றுமில்லை, சோப்பு, ஒன்றுமில்லை, ஒயினையே திறந்து நீட்டினார், தலையாட்டினாள், இல்லை, மறுபடி கருவாடு, நாறுது, சொல்லிக்கொண்டே சிரித்தாள், ஒன்றே ஒன்றுதான் திரும்பியிருந்தது, போதும், ஒரு கதவு திறந்தால் வீடு இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார்கள், கருவாட்டைக் கடித்து ஒரு வாய் ஒயின் குடித்தவள் அடிபட்டவள்போல் கண்ணை மூடினாள், துருப்பிடிச்ச ஆணியைச் சப்பின மாதிரி இருக்கு, மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாதுன்னு சும்மா சொல்லலை, பொறுங்க, எங்கம்மா ஒண்ணு செய்வாங்க, வடகடல்லேர்ந்து விறகுக்கட்டை மாதிரி காய்ஞ்ச மீன் படகுல ஆத்தோட மேல வருமாம் அந்தக் காலத்துல, மலைக்காரங்க நாங்க அதை ஊறவச்சு, உருளைக்கிழங்கோட அடிச்சு, வால்நட் எண்ணெயைக் காய்ச்சி ஊத்துவோம், அப்ப உங்களுக்கும் கருவாடு உண்டா என்றார் இவர், இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாதே, இவர் கருவாட்டை முள்ளெடுத்து உதிர்க்க, அவள் உருளைக்கிழங்கை வேகவைத்து மசிக்க, பூண்டு, முட்டை, கொதிக்கும் எண்ணெய், இவர் பங்குக்கு இரண்டு பச்சைமிளகாய், எல்லாம் ஒன்றாகி மெத்தென்று வந்தது, அதை ஒரு கரண்டி தின்று ஒரு வாய் குடித்துவிட்டு ஓதீல் தட்டை இவர் பக்கம் தள்ளினாள்.

தொபியாஸ் தின்றார், கோப்பையை எடுத்தார், முகர்ந்தார், வாயில் வைத்தார், துப்ப அங்கே தொட்டி இல்லை, வாஷ்பேசினுக்கு எழுந்து போயிருக்கலாம், பத்தடிதான், போகவில்லை, விழுங்கினார், தெரிந்தேதான் விழுங்கினார், கொழுப்பும் உப்பும் வழித்தெடுக்கப்பட்டு வாய் சுத்தமாயிற்று, தொண்டையில் ஒரு சின்னச் சூடு இறங்கியது, அவர் காத்திருந்தார், அடுத்த வாய் வேண்டும் வேண்டும் என்று உள்ளே எதோ ஒன்று எழுந்து கத்தும் என்று பதினோரு வயதிலிருந்து பயந்துகொண்டிருந்தாரே, அது வருகிறதா என்று காத்திருந்தார், மணிக்கூண்டு மூன்றடித்தது, வரவில்லை, கோப்பையைக் கீழே வைத்தார், நின்றது, பாதி நிறைந்தபடி, அதன்பாட்டுக்கு.

சாயங்காலம் போனில், அக்கா, குடிச்சிட்டேன் என்றார், எம்புட்டு என்றாள் ரெஜினாள், ஒரு வாய், பெறவு, வச்சிட்டேன், வச்சிட்டியா, வச்சிட்டேன்க்கா, தானா வச்சியா, யாரும் பிடுங்குனாவளா, நானாத்தான் வச்சேன், அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, நம்ம அப்பாவுக்கு அது ஒண்ணுதான்லே தம்பி முடியல, வைக்க முடியல, பாவம், என்றாள், அந்தப் பாவம் என்கிற சொல்லை அப்பாவின் பேரோடு அக்கா சேர்த்துச் சொல்லி அவர் கேட்டதே இல்லை, சரி, கருவாடு எப்படி இருந்திச்சி, அதச் சொல்லு, என்றாள்.

அந்த வருஷம் பெந்தகோஸ்துப் பண்டிகை தள்ளி, ஜூன் பிறந்த பிறகு வந்தது, மறுநாள் திங்கட்கிழமை கொடிகளை மந்திரிக்கும் திருவிழா, சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஊரே திராட்சைச் சரிவில் ஏறும், ஓதீல் ஊரார் முன்னால் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், மூக்கு போனது, சாமியாரை இரவல் வாங்கியது, பீப்பாய், கருவாடு, எல்லாம், இந்த வருஷம் குடிக்கிற ஒயின்ல பாதி அவருது, பிடிக்கலைன்னா அவர்கிட்டச் சண்டைக்குப் போங்க என்றாள், யாரும் சண்டைக்குப் போகவில்லை, இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டார்கள், கிழவர் ஒருவர் வந்து தொபியாசின் தோளில் கைபோட்டு, இதுல நான் எப்பவும் சொல்லத் தெரியாம இருந்த ஒண்ணு இருக்கு, அது என்ன என்று கேட்க, இவர், மழை விழுந்த தேரி என்றார் தமிழிலேயே, கிழவர் தேரி, தேரி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

ஓதீலுக்குக் காபி திரும்பியிருந்தது, நாய் திரும்பியிருந்தது, ஒயின் பாதி திரும்பியிருந்தது, மங்கலாய், சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவதுபோல், ஊர்வலம் மேல்படிக்கட்டுக்கு வந்தபோது தொபியாஸ் தீர்த்தம் தெளித்துக்கொண்டு முன்னால் போக, பின்னாலிருந்து அவர் அங்கியை யாரோ பிடித்து இழுத்தார்கள், திரும்பினால் ஓதீல் ஒரு கொடியின் முன்னால் மண்டியிட்டிருக்கிறாள், இலைகளுக்கு நடுவே கடுகளவு கடுகளவாய்ப் பச்சைப் பூக்கள், இதழ்கூட இல்லாத பூக்கள், அதில் முகத்தைப் புதைத்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது, என்ன ஓதீல் என்கிறார், பேசாதீங்க என்று கையமர்த்துகிறாள், பாடிக்கொண்டு வந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள், சரிவில் தேனீச் சத்தம் மட்டும், கொஞ்சநேரம் கழித்து நனைந்த முகத்தைத் தூக்கி, திராட்சைப் பூ, வருஷத்துல பத்து நாள், எங்கப்பாவுக்கே சில வருஷம் எட்டாது, வாங்க, மோந்து பாருங்க என்று இடம் விட்டு நகர்கிறாள், அவர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு சிவப்பு மண்ணில் மண்டியிட்டு, மூக்கைக் கொண்டுபோய் வைத்து, இழுத்துப் பார்க்கிறார், இன்னொருமுறை இழுத்துப் பார்க்கிறார், இலை இருக்கிறது, மண் இருக்கிறது, தன் கையிலிருக்கிற தீர்த்தச் செம்பின் பித்தளை இருக்கிறது, எனக்கு ஒண்ணும் தெரியலையே என்கிறார், ஓதீல் அழுதுகொண்டே சிரிக்கத் தொடங்குகிறாள், அப்படியா, உங்களுக்குத் தெரியலையா, எனக்குத் தெரியுது ஃபாதர், உட்காருங்க, நான் சொல்றேன்.